பதினொன்றாம் வகுப்பு என்று ஒரு வகுப்பு



மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே கோவில்பட்டியில் ஃபிளெக்ஸ் போர்டுகள் ஏறிவிடும். மேலே பள்ளியின் பெயர் கொட்டை எழுத்தில், நடுவில் பிள்ளைகளின் படம், கீழே மதிப்பெண். கொஞ்ச நாள் கழித்து நீட் முடிவு வரும்போது, போர்டில் சிரித்துக்கொண்டிருக்கும் அதே பிள்ளையிடம் வீட்டில் கேட்பார்கள்: "ஐநூத்தி எழுபது வாங்கினியேம்மா, இதுல மட்டும் ஏன் இப்படி?" அவளுக்குப் பதில் தெரியாது. தெரியவும் நியாயமில்லை. அந்தப் பதில் அவள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் நடத்தாமல் விட்ட பாடங்களில் கிடக்கிறது. சில பிள்ளைகளுக்கு, ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் சேர்த்தார்கள் என்பதிலேயே கிடக்கிறது.

கிண்டி பொறியியல் கல்லூரி, மதுரை மருத்துவக் கல்லூரி, திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. என்று இடம் கொஞ்சமாகவும் கேட்பவர் அதிகமாகவும் உள்ள கல்லூரிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், நம் பக்கத்துப் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "எட்டாவதிலேயே கோச்சிங்ல போட்டுரலாமா சார்?" இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். எட்டாவதில் செய்ய வேண்டிய காரியங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் செலவில்லை.

முதலில் ஒரு கல்லை எறிந்து பார்ப்போம். ரேடியோவில் கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்கள் மனதுக்குள் பதில் சொல்லுங்கள். ஒரு கல்லை நேர் மேலே எறிகிறோம். அது ஏறுகிறது, உச்சிக்குப் போகிறது, ஒரு கணம் நிற்கிறது, பிறகு இறங்குகிறது. அந்த உச்சியில், நிற்கிற கணத்தில், அதன் திசைவேகம் எவ்வளவு? பூஜ்யம். சரி. அதே கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு? வகுப்பில் இதைக் கேட்டால் பாதிப் பிள்ளைகளுக்கு மேல் அதுவும் பூஜ்யம் என்றே சொல்வார்கள். கல் நிற்கிறதே, அப்புறம் என்ன முடுக்கம் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் உச்சியில் நிற்கும்போதும் பூமி அந்தக் கல்லை இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. முடுக்கம் எப்போதும் கீழ்நோக்கி, வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர். அது பூஜ்யமாக இருந்தால் கல் அங்கேயே அந்தரத்தில் நின்றுவிடும், கீழே வரவே வராது.

இந்தக் கேள்விக்குச் சூத்திரம் மனப்பாடம் தேவையில்லை. நீட், ஜே.இ.இ. போன்ற தேர்வுகள் இயற்பியலில் பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான் பிள்ளையைப் பிடிக்கின்றன. இயக்கம் பற்றிய பாடம் ஒன்பதாம் வகுப்பிலேயே வருகிறது, பதினொன்றில் விரிகிறது. நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். ஜே.இ.இ. முதன்மைத் தேர்வில் 75 கேள்விகள், 300 மதிப்பெண். இரண்டிலும் ஏறக்குறைய பாதி பதினொன்றாம் வகுப்புப் பாடம்.

நம் பள்ளிகள் பலவற்றில் மூட்டை கட்டி ஓரமாக வைக்கப்பட்டது அந்தப் பாதிதான். ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்று நான் சொல்லவில்லை. ஏற்பாடே அப்படி இருந்தது. தமிழ்நாட்டில் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் 1984 முதல் நுழைவுத் தேர்வு இருந்தது. 2006 சட்டத்தோடு அது போய், பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றானது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது நல்லதே செய்தது, அதை நான் மறுக்க மாட்டேன். இன்றும் பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200-க்குக் கட் ஆஃப். மூன்றும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண். மதிப்பெண் தராத வகுப்பை எதற்கு நடத்த வேண்டும் என்று சில பள்ளிகள் பதினொன்றிலேயே பன்னிரண்டை ஆரம்பித்து, அதே புத்தகத்தை இரண்டு வருஷம் போட்டு உருட்டின. பெற்றோருக்கும் சந்தோஷம், போர்டில் படம் வருகிறது அல்லவா?

2017-இலிருந்து மருத்துவத்துக்கு நீட் முழுதாக வந்தபோது இந்தக் குட்டு உடைந்தது. அரசு பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தது. 2018 மார்ச்சில் முதல் தேர்வு. பாடநூல்களும் புதிதாக வந்தன, கனமான நல்ல புத்தகங்கள். இப்போது அந்தப் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டிலிருந்து கைவிடப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு பாரம் குறைந்தது என்பது உண்மை. கூடவே பழைய பழக்கம் பின்வாசல் வழியாகத் திரும்பி வருமோ என்கிற கவலையும் எனக்கு உண்டு.

நீட் எழுதாத பிள்ளைக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். தமிழ்நாட்டுப் பாடத்தில் வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும் தொடங்குவது பதினொன்றாம் வகுப்புக் கணித நூலில். அதைத் தாண்டிக் குதித்த பிள்ளை பன்னிரண்டில் கணிதத்தில் தொண்ணூற்றைந்து வாங்கி நல்ல கல்லூரியிலேயே சேர்ந்துவிடுகிறான். முதல் செமஸ்டரில் கணிதத்தில் அரியர் வைக்கிறான். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது பேச்சுக் குறைந்துவிடுகிறது. "ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலை போலிருக்கு" என்கிறார் அம்மா.

நம் சம்சாரிகளுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. மானாவாரிக் காட்டில் மழைக்கு முந்தியே புழுதி விதைப்பு விதைத்துவிட்டு வானம் பார்ப்பவர்கள் அவர்கள். கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் விதையைக் கடினப்படுத்தி மழைக்கு முன்னால் விதைக்கத்தான் சொல்கிறது. மழை விழுந்த பிறகு விதைக்கலாம் என்றிருந்தால் கரிசல் களியாகிவிடும், காட்டுக்குள் கால் வைக்க முடியாது. நீட்டுக்கு முன்னால் இரண்டே மாதத்தில் பதினொன்றாம் வகுப்பை முடித்துக்கொடுக்கும் 'கிராஷ் கோர்ஸ்' அப்படிப்பட்ட விதைப்புதான்.

இனி ஆறாம் வகுப்பு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. அதற்கு முன்பு, நீட் வந்த பிறகு, அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த அந்த ஒரே வருஷத்தில் மருத்துவத்திலும் பல் மருத்துவத்திலுமாகச் சுமார் நானூறு பேருக்கு இடம் கிடைத்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் அதே ஒதுக்கீடு வந்தது. ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு வகுப்பும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கடன்பட்டு மெட்ரிக் பள்ளியில் ஆறும் ஏழும் படிக்க வைத்துவிட்டு, முடியாமல் எட்டில் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் அந்தப் பிள்ளைக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அரசு உதவிபெறும் பள்ளிகளும் இதில் சேராது. நம் ஊர்களில் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சம்பளம் அரசாங்கம் தருகிறது, புத்தகம் அரசாங்கம் தருகிறது, அப்போது அரசுப் பள்ளிதானே என்று நினைத்துக்கொள்கிறார்கள். உதவிபெறும் பள்ளிகள் மட்டம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பல ஊர்களில் கல்வியைக் கொண்டுவந்ததே அவைதாம். தெரிந்துகொண்டு சேருங்கள் என்பதுதான் என் பேச்சு. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் தரும் மாதம் 1000 ரூபாய் மட்டும் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்த பெண்களுக்கும் பிற்பாடு நீட்டிக்கப்பட்டது. அந்த நீட்டிப்பைத் தொடங்கிவைத்ததும் 2024 டிசம்பரில் நம் தூத்துக்குடியில்தான்.

எட்டாவதில் செய்ய வேண்டிய காரியங்கள் என்றேனே, அவற்றில் ஒன்று தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு. பள்ளிக்கூடத்தில் என்.எம்.எம்.எஸ். என்பார்கள். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். இதில் பாதிக் கேள்வி மனத்திறன் சார்ந்தவை. பின்னால் எழுதப்போகும் எல்லாத் தேர்வுகளுக்கும் அது நல்ல ஒத்திகை. ஒன்பதாவதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, பிறகு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு, பதினொன்றில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. தமிழ்த் தேர்வில் மாநிலம் முழுக்க 1500 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 1500 ரூபாய் தருகிறார்கள். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல் இருக்கிற வட்டாரம் இது. இந்தத் தேர்வுக்கு நம் பிள்ளைகள் தயங்கி நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்கூட வரும். கி.ரா. பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக உட்கார வைத்தது. அது எல்லோருக்கும் நடக்காது. மற்றவர்கள் விண்ணப்பம் போட்டுத்தான் ஆக வேண்டும்.

பத்து முடிந்ததும் குரூப். பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு, சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடிக்கிறோமே, ஒரு பிள்ளையின் பாதையில் பாதியை அந்தப் பேனாதான் தீர்மானிக்கிறது. கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப் எடுத்தால் மருத்துவம், பொறியியல், வேளாண்மை, அடிப்படை அறிவியல் படிப்பதற்கான ஐசர் நிறுவனங்கள் என எல்லா வாசலும் திறந்திருக்கும். சுமையும் அதற்கேற்ப இருக்கும். கணிதம் கசக்கிற பிள்ளையை அதில் தள்ளினால் நாலும் கெடும். காமர்ஸ், வரலாறு எடுத்தால் பெரிய பல்கலைக்கழகம் கிடையாது என்ற நினைப்பும் தப்பு. 2022-இலிருந்து மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு நடக்கிறது. டெல்லி, ஹைதராபாத், நம் திருவாரூர் எல்லாம் அதன் வழியாகத்தான். தமிழிலும் எழுதலாம். ஜே.இ.இ. முதன்மைத் தேர்வும் நீட்டும் தமிழில் உண்டு, ஐ.ஐ.டி.க்கான இரண்டாம் கட்டத் தேர்வு மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். ஆகவே தமிழ்வழிப் பிள்ளைகள் ஒன்பதிலேயே ஒரு நோட்டுப் போட்டு, இந்தப் பக்கம் தமிழ்க் கலைச்சொல், அந்தப் பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதி வருவது நல்லது. ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும்.

ஹாக்கி மட்டையோடு திரியும் கோவில்பட்டிப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. சென்னை ஐ.ஐ.டி. 2024-25 முதல் விளையாட்டில் சிறந்தவர்களுக்குத் தனி இடங்கள் வைத்திருக்கிறது. அந்த இரண்டாம் கட்டத் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆக, மைதானத்துக்குப் போகிறவன் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டாம்.

வீட்டு நிலைமை தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு காலத்தில் விடியுமுன் நம் கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிப்போனவை தீப்பெட்டி ஆபீஸ் வண்டிகள். இன்று வருபவை பள்ளிக்கூட வேன்கள். அந்த மாற்றத்தைக் கொண்டுவந்த அம்மாக்கள் இன்னும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் வெளியூர் விடுதிக்கும் கோச்சிங்குக்கும் லட்சக்கணக்கில் கொட்டு என்று எந்த மனசோடு சொல்வது? அப்படிக் கொட்டாமலும் வழி உண்டு. 2024-இல் திருச்சி மாவட்டம் பச்சமலையில், பழங்குடியினர் நல உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் ஜே.இ.இ. எழுதித் திருச்சி என்.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் சேர்ந்தார். அரசு மாதிரிப் பள்ளிகளிலிருந்து ஐ.ஐ.டி. போகிறவர்களும் வருஷா வருஷம் இருக்கிறார்கள்.

காகிதங்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் பதினொன்று படிக்கும்போதே இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துவிடுங்கள். பி.சி., எம்.பி.சி. பிள்ளைகள் மத்திய நிறுவனங்களுக்குப் போக ஓ.பி.சி. சான்று தனியாக வேண்டும். நம் மாநிலச் சாதிச் சான்று அங்கே செல்லாது. அதையும் அந்தந்த நிதியாண்டில், ஏப்ரலுக்குப் பிறகு புதிதாக வாங்க வேண்டும். பெயரில் ஓர் இன்ஷியல் மாறியிருந்தாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாவதற்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள். அச்சான பிறகு திருத்துவதென்றால் சென்னை வரை நடக்க வேண்டியிருக்கும்.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. தலைவரும் ஒரு பெற்றோர்தான். கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் எல்லாம் அங்கே பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள், தனியார் பள்ளியாக இருந்தால் பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்கள், இதையும் கேளுங்கள்: "பதினொன்றாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் இதுவரை எத்தனை பாடம் முடிந்திருக்கிறது?" அதோடு உங்கள் பிள்ளையின் நோட்டை வாங்கிப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எத்தனை பக்கம் எழுதியிருக்கிறது என்று தெரியும்.