இரட்டையர்க்கு ஊட்டம்: அடுப்படியா, அங்காடியா?

(மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



குழந்தைக்கு ஊட்டவேண்டுவது வீட்டில் ஆக்கிய உணவா, கடையில் வாங்கிய உணவா என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். அப்பொருளைச் சற்றே குறுக்கி, இரட்டைக் குழந்தைகள் பிறந்த வீட்டை முன்னிறுத்திப் பேச விழைகின்றேன். இரு குழந்தைகள் ஒருங்கே பிறந்த வீட்டில் தாயின் உடல்வலிவும் உறக்கமும் குடும்பத்தின் பொருளும் இரட்டிப்பாகச் செலவாகின்றன. அந்தச் சோர்வைப் பார்த்துத்தான் தகரக் குவளை முதலில் உள்ளே நுழைகின்றது. அவ்வீட்டில் எந்த வழி தாக்குப் பிடிக்குமோ, அது பிற வீடுகளில் எளிதாகவே தாக்குப் பிடிக்கும்.

இரட்டையர் பிறந்தவுடன் உற்றார் கேட்கும் முதற்கேள்வி, "ஒருத்தியின் பால் இருவர்க்குப் போதுமா?" என்பதே. போதும் என்பதே பெரும்பாலும் விடை. தாய்ப்பால் குடத்தில் மொண்டு வைத்த நீரன்று; ஊற்று. குழந்தை சுவைக்கச் சுவைக்கச் சுரப்பது அது. இரு வாய்கள் சுவைத்தால் இருவர்க்கும் சுரக்கும். இரட்டையருள் பலர் நாள் நிறையாமல், எடை குறைந்து பிறப்பவர்கள். அவர்களுக்கு உறிஞ்சும் வலிவு இல்லையெனில், பாலைப் பீய்ச்சிப் பாலாடையாலோ சங்காலோ புகட்டலாம். முதல் ஆறு திங்கள் தாய்ப்பால் மட்டுமே, அதன்பின் இணையுணவோடு ஈராண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் நெறி. முயன்றும் இயலாத தாயர் சிலர் உளர். அவர்கள் குற்றம் புரிந்தவர் அல்லர். அவர்களைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

கடையுணவு என்று நாம் பொதுவாகச் சொல்வது இருவகைப்படும். ஒன்று, தாய்ப்பாலுக்கு மாற்றாக வரும் பால்பொடி. மற்றொன்று, ஆறு திங்களுக்குப் பின் தாய்ப்பாலோடு இணைத்துத் தரும் மாவுணவு. இவ்விரண்டின் வரலாறும் ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்றே மேற்பட்டது. 1860-களில் செருமானிய வேதியலறிஞர் இலீபிக் தாய்ப்பாலுக்கு மாற்றொன்று ஆக்கினார். 1867-இல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் என்றி நெசுலே என்பார் பாலும் கோதுமை மாவும் சருக்கரையும் கலந்த உணவை விற்கத் தொடங்கினார். தாய்ப்பால் கிட்டாத குழந்தைகளைக் காக்கும் நோக்கோடு பிறந்தவை அவை. பின்னர் வாணிகம் வளர வளர, பால் வற்றாத தாய்க்கும் அவை விற்கப்பட்டன. கேடு அங்குத்தான் தொடங்கிற்று.

அக்கேட்டைக் கண்டு குரல் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் சிசிலி வில்லியம்சு என்னும் மருத்துவ அம்மையார். 1939-இல் சிங்கப்பூரில் ஆற்றிய உரையொன்றில், பொருந்தாப் பாலைத் தாயர்மேல் திணித்துக் குழந்தைகளைச் சாகவிடுவது கொலையே என்று அவர் இடித்துரைத்தார். அதற்கு முன்னர் அவர் இன்றைய கானா நாட்டில் பணியாற்றியபோது, உடல் வீங்கி மெலிந்து மாளும் குழந்தைகளைக் கண்டார். அந்நோய்க்கு இலத்தீனத்தில் பெயர் தேடாமல், அம்மண்ணின் தாயர் தம் 'கா' மொழியில் வழங்கிய 'குவாசியோர்க்கர்' என்னும் பெயரையே 1935-இல் மருத்துவ உலகிற்குத் தந்தார். அடுத்த பிள்ளை பிறந்ததும் பாலிழந்த முன்பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். எழுத்தறியாத் தாயரின் மொழி, நோயின் காரணத்தையே பெயராக வைத்திருந்தது. அறிவு தாய்மொழியில் இல்லை என்பார் இதனை எண்ணிப் பார்க்கட்டும்!

1970-களில் இப்போராட்டம் உலகெங்கும் பரவியது. 1977-இல் நெசுலே குழுமத்தின் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் அமெரிக்காவில் எழுந்தது. 1981-இல் உலக நலவாழ்வுப் பேரவை பால்பொடி வாணிகத்திற்கு நெறிமுறை வகுத்தது. 118 நாடுகள் ஏற்க, எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. இந்தியா 1992-இல் தனிச்சட்டம் இயற்றி, 2003-இல் அதனைத் திருத்தியது. இன்று ஈரகவைக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால்பொடியையும் மாவுணவையும் விளம்பரப்படுத்துவதும், தாயர்க்கு இலவயமாகத் தருவதும், குவளையில் குழந்தையின் படத்தைப் பொறிப்பதும் இந்நாட்டில் குற்றம். இச்சட்டம் நம் கையில் உள்ளது என்பதையே நம்மவர் பலர் அறியார்.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஐந்து கிலோ எடையுள்ள குழந்தை பால்பொடியை மட்டுமே உண்டு வாழ்வதாயின், நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் பொடி வேண்டும். இருவர்க்கு 220 கிராம். 400 கிராம் குவளை இரண்டு நாள்கூட நிறைவாக வாராது. திங்களுக்குப் பதினாறு குவளைகளுக்கும் மேல்! நடுத்தரக் குடும்பமே தள்ளாடும் செலவு இது. ஏழை வீட்டில் என்ன நடக்கும்? ஒரு கரண்டி போடவேண்டிய இடத்தில் அரைக் கரண்டி போட்டு நீரைப் பெருக்குவர். குழந்தையின் வயிறு நிறையும், உடல் தேயும். அந்நீர் தூயதன்றெனில் வயிற்றுப்போக்கும் உடன்வரும்.

இதில் மொழிக்கும் பங்குண்டு, தோழர்களே! இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, அடைத்த உணவின்மேல் கட்டாயம் இருக்கவேண்டிய செய்திகள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். மக்கள் மொழி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். எத்தனை கரண்டிக்கு எவ்வளவு நீர், நீர் எவ்வளவு சூடாக இருக்கவேண்டும், திறந்த பின் எத்தனை நாள் வைக்கலாம் என்பனவெல்லாம் குழந்தையின் உயிரோடு ஒட்டிய செய்திகள். அவற்றைத் தமிழச்சி ஒருத்தி தமிழில் படிக்க வழியில்லை என்றால், அது மொழிச் சிக்கல் மட்டுமன்று, உயிர்ச் சிக்கல். குழந்தையுணவுக் குவளைகளில் மட்டுமேனும் தமிழ் கட்டாயமாக வேண்டும் என்று கேட்பது வெறியாகாது.

அடைத்த உணவு ஐயத்திற்கு அப்பாற்பட்டது என்னும் நம்பிக்கையும் பொய்த்துள்ளது. 2008-இல் சீனத்தில் பால்பொடியில் மெலமைன் என்னும் நச்சுப்பொருள் கலந்து, ஆறு குழந்தைகள் மாண்டனர். ஏறத்தாழ மூன்று இலக்கம் குழந்தைகள் நோயுற்றனர். 2024-இல் 'பப்ளிக் ஐ' என்னும் சுவிசு அமைப்பு வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் விற்ற செரிலாக் மாவுணவில் ஒருவேளை அளவுக்குச் சராசரி 2.7 கிராம் சருக்கரை சேர்க்கப்பட்டிருந்ததையும், அக்குழுமத்தின் தாயகமான சுவிட்சர்லாந்தில் விற்றவற்றில் அது இல்லாததையும் எடுத்துக்காட்டியது. அவ்வாண்டிலேயே சருக்கரை சேர்க்காத வகைகளை அக்குழுமம் இங்கு அறிவித்தது. கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும், வீட்டில் ஆக்கியது என்பதாலேயே ஓர் உணவு நல்லதாகிவிடாது. நம் வீடுகளிலும் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, நீர்த்த கஞ்சி. சிறு வயிறு நீரால் நிறைந்துவிட்டால் ஊட்டத்திற்கு இடமேது? வள்ளுவர் மக்கட்பேற்றில் குழந்தையின் கைபட்ட உணவைக் கூழ் என்றே குறித்தார். நாமோ அதனை வடிநீராக்கிவிட்டோம். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாது நிற்பதே கூழ். இரண்டாவது, வெறும் அரிசி. மூன்றாவது, பழைய வழக்கம் என்பதால் பிறந்த குழந்தையின் நாவில் தேனும் சருக்கரை நீரும் தொட்டுவைக்கும் சேனை. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடிய நச்சுநோயைத் தரவல்லது. நம் முன்னோர் செய்தது என்பதற்காக நஞ்சை அமிழ்தென்று சொல்லலாகாது.

குறை தெரிந்தால் திருத்தம் எளிது. கேழ்வரகையும் பாசிப்பயற்றையும் ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் உலர்த்தி, இளவறுப்பாக வறுத்து அரைத்து வையுங்கள். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்பூட்டம் உண்டு. முளைகட்டுவதில் ஒரு நுட்பமும் உண்டு. முளைக்கும் கூலத்தில் மாவுப்பொருளைப் பிளக்கும் நொதி தோன்றுகின்றது. அதனால் மிகுதியான மாவைப் போட்டாலும் கூழ் களியாக இறுகாமல், குழந்தை விழுங்கத்தக்க பதத்தில் இருக்கும். ஒரே கரண்டியில் கூடுதல் ஊட்டம் சேரும். 1980-களில் மைசூரிலும் பரோடாவிலும் ஆய்வாளர்கள் இதனை ஆய்ந்து உறுதிசெய்தனர். நம் பாட்டியரோ இதனை முறத்திலும் துணிமுடிச்சிலும் செய்துவந்தனர்.

ஆறு முதல் எட்டுத் திங்கள் வரை தாய்ப்பாலோடு கூடுதலாக வேண்டுவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி. ஐம்பது கிராம் மாவும் ஒரு சிறு கரண்டி நெய்யோ எண்ணெயோ அதனைத் தந்துவிடும். இருவர்க்கும் சேர்த்துத் திங்களுக்கு மூன்று கிலோ மாவு. இதன் விலையையும் கடைமாவின் விலையையும் நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மாவு மட்டும் போதாது. குழைத்த பருப்புச்சோறு, மசித்த கீரை, பூசணி, வாழைப்பழம், நன்கு வெந்த முட்டை, முள் நீக்கிய மீன், ஈரல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். உப்பும் சருக்கரையும் ஓராண்டு வரை வேண்டா. ஆக்கியதை உடனே ஊட்டுங்கள். மிச்சத்தைக் குழந்தைக்கென எடுத்துவைக்காதீர்கள்.

இரட்டையர்க்கென்று சில சொல்வேன். இருவர்க்கும் தனித்தனிக் கிண்ணம் வைத்தால்தான் எவர் எவ்வளவு உண்டார் என்பது தெரியும். இருவரையும் தனித்தனியே எடை பாருங்கள். ஒருவரை மற்றவரோடு ஒப்பிடாமல், அவரவரின் சென்ற திங்கள் எடையோடு ஒப்பிடுங்கள். ஆணும் பெண்ணுமாகப் பிறந்திருந்தால் இன்னும் விழிப்பு வேண்டும். ஆணுக்கு முதற்கவளம், பெண்ணுக்கு அடிக்கிண்ணம் என்பது சொல்லாமலே நடக்கும் கொடுமை. என் மகளுக்கும் அவ்வாறே இரட்டையர். இத்திங்கள் ஆறு நிறைகின்றது. இன்று அவனுக்கு முதலில் என்றால் நாளை அவளுக்கு முதலில் என்று நாட்காட்டியில் குறித்துவைத்துள்ளோம். சின்னஞ்சிறு செயல்தான், ஆனால் பெண்ணின் உரிமை அந்தக் கிண்ணத்தில்தான் தொடங்குகின்றது.

கடையுணவை முற்றும் விலக்குக என்று நான் சொல்லவில்லை. தாய் மறைந்த வீடு உண்டு. தாய் கடுநோயுற்ற வீடு உண்டு. பால் போதாமல் குழந்தையின் எடை இறங்கும் வீடும் உண்டு. அங்கு மருத்துவர் அளந்து சொல்லும் பால்பொடி மருந்துக்கு ஒப்பாகும். அதனை அளவு குன்றாமல், கொதித்தாறிய, ஆனால் எழுபது பாகைக்குக் குறையாத சூட்டு நீரில் கரைத்து, உடல்சூட்டிற்கு ஆற்றிப் புகட்டவேண்டும். நாள் நிறையாமல் பிறந்தவர்க்கு உடலில் இரும்புச் சேமிப்புக் குறைவு. அவர்களுக்கு மருத்துவர் தரும் இரும்பு நீர்மருந்தைக் கூழே போதுமென்று நிறுத்திவிடலாகாது. நம் கொள்கைப்பற்றுக்காகக் குழந்தை மெலியக்கூடாது.

இறுதியாக ஆடவர்க்கு ஒரு சொல். வீட்டுணவின் பெருமையை மேடையில் முழங்குவது எளிது. பயற்றை ஊறவைப்பது யார்? நள்ளிரவில் அழும் இரண்டாம் குழந்தையைத் தூக்குவது யார்? இரண்டு பிள்ளைகளுக்குத் தாய் ஒருத்திதான். ஆனால் கைகள் நான்கு வேண்டும். தந்தையின் இரு கைகள் அடுப்படிக்கு வாராத வீட்டில், தகரக் குவளை வாராதிருக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை. நாளைக் காலை ஒரு படி கேழ்வரகை நீரில் போடுங்கள், ஐயா! நாம் பேசியதற்கு அதுவே பொருள்.