கரைவலைப் படமும் கொம்பியூட்டரும்



திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் நடுவில் இருக்கிறது கோமாரி. அங்குள்ள பிள்ளைகளுக்குக் கரைவலை இழுப்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. பார்த்ததைக் கொப்பியில் பென்சிலால் வரையவும் செய்வார்கள். அந்தப் படத்தைக் கொம்பியூட்டரில் ஏற்றி நிறம் தீட்டுவது எப்படி என்று இன்று பேசுவோம்.

எந்த மென்பொருள்? கேட்டவுடன் போட்டோஷொப் என்பார்கள். நோல் சகோதரர்கள் உருவாக்கி, 1990 இல் அடோபி நிறுவனம் வெளியிட்டது அது. 2013 தொடக்கம் புதிய பதிப்புகளுக்குச் சந்தா கட்ட வேண்டும். படிக்கிற பிள்ளைக்கு ஏன் அந்தச் செலவு? கிம்ப், கிரிட்டா இரண்டும் இலவசம். கிம்ப், 1995 இல் பேர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கிய வேலை. படம் திருத்த கிம்ப், வரைய கிரிட்டா என்பேன் நான். பென்டிரைவில் திருட்டுப் பிரதி வாங்கி, வைரசையும் கூடவே வீட்டுக்குக் கொண்டுவருவதைவிட இது மேல்.

கொப்பியை நிழல் விழாத வெளிச்சத்தில் வைத்து, போனை நேர்மேலே பிடித்துப் படம் எடுங்கள். கிரிட்டாவில் திறந்து அதை மங்கலாக்குங்கள். அதன்மேல் புதிய லேயர் போட்டுக் கோடுகளைச் சுத்தமாக வரையுங்கள். லேயர் என்றால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று, வலை இழுப்பவர்களுக்கு ஒன்று. வானம் பிடிக்காவிட்டால் வானத்தை மட்டும் மாற்றலாம், ஆட்கள் அப்படியே நிற்பார்கள். போட்டோஷொப்பிலேயே இந்த வசதி 1994 இல், மூன்றாம் பதிப்பில்தான் வந்தது.

வானம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் கிழக்குக் கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. இணையத்துப் படங்களைப் பார்த்துப் பழகிய சில பிள்ளைகள் கோமாரிக் கடலிலும் சூரியனை மறைய வைக்கிறார்கள்! உதிக்கிற வெயில் கடல் பக்கமிருந்து வந்தால், கடலைப் பார்த்து நிற்கும் நமக்கு வலை இழுப்பவர்களின் முதுகு இருட்டாகத்தான் தெரியும். அந்த நிழலுக்குத் தனி லேயர் போட்டு, அதைக் கீழுள்ள நிறத்தை இருட்டாக்கும் ‘மல்டிப்ளை’ முறையில் வையுங்கள். கறுப்பு வேண்டாம், மங்கிய நீலமோ ஊதாவோ பூசுங்கள். பிரஷ் வகை தேடித் தரவிறக்குவதில் போகும் நேரத்தை இப்படி வெளிச்சத்தைக் கவனிப்பதில் செலவிட்டால் படம் தானாகத் தேறும்.

படத்தில் தமிழ் எழுத்துப் போடுகிறீர்களா? போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் யூனிகோட் எழுத்து உடையும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவைப் பலர் இன்னும் விடாததற்கு அதுவும் ஒரு காரணம். புதிய பதிப்பில் எழுத்து அமைப்பை ‘வேர்ல்ட் ரெடி’ என்று மாற்றினால் சரிவரும். கிம்பில் இந்தத் தொல்லை இல்லை.

அச்சிடுவதானால் வரையத் தொடங்கும் முன்பே அளவைத் தீர்மானியுங்கள். ஏ4 தாளுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். சின்னதாக வரைந்து பிறகு பெருப்பித்தால் கோடு மங்கும். திரையில் பளிச்சென்ற கடல் நீலம் தாளில் மங்கலாக வரும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. அதனால் முதலில் ஒரு பிரதி மட்டும் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஜேபெக் கோப்பை அச்சகத்துக்குக் கொடுங்கள், லேயர்கள் உள்ள மூலக் கோப்பு உங்களிடமே இருக்கட்டும்.