சீன விற்பனையாளரும் பதினெட்டு இலக்கங்களும்
(தில்லியில் சிறு இறக்குமதியாளர்களிடையே ஆற்றிய உரையின் வாசகம்)



சதர் பஜாரில் பொம்மை விற்பவரும், பகீரத் பேலஸில் மின்விளக்கு விற்பவரும், நேரு பிளேஸில் கணிப்பொறி உறுப்புகள் விற்பவரும் பெரும்பாலும் ஒரே நாட்டிலிருந்து சரக்கு தருவிக்கிறார்கள். 2024-25ஆம் நிதியாண்டில் சீனாவிலிருந்து நாம் செய்துகொண்ட இறக்குமதியின் மதிப்பு 11,300 கோடி டாலரைத் தாண்டியது. இதில் பெருந்தொழில்களுக்குச் சட்ட ஆலோசகர்கள் உண்டு. ஷாங்காயில் அலுவலகமும் இருக்கக்கூடும். சிறு வணிகரின் கையிலோ ஒரு விலைப்பட்டியலும், கைப்பேசியில் வந்த வணிக உரிமத்தின் படமும் மட்டுமே இருக்கின்றன. அவற்றை நம்பித் தம் முதலில் ஒரு பகுதியை முன்பணமாக அனுப்பிவிடுகிறார். அந்தப் படத்தை எப்படிப் படிப்பது என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

முன்பணம் பெற்ற பின் மறைந்துவிட்ட நிறுவனங்கள், இரசாயனப் பொருளுக்குப் பதிலாக மணலும் கல்லும் அனுப்பிய நிறுவனங்கள் ஆகியவை குறித்து பெய்ஜிங்கில் உள்ள நமது தூதரகத்துக்குப் புகார்கள் வந்ததுண்டு. ஒப்பந்தம் செய்துகொள்ளுமுன் எதிர்த்தரப்பின் உண்மையை ஆராயுமாறு தூதரகம் நம் வணிகர்களுக்கு அறிவுரை வெளியிட்டிருக்கிறது. பணம் போன பிறகு வழக்குத் தொடுக்கலாமே என்று சிலர் கருதுகிறார்கள். தில்லி நீதிமன்றம் அளிக்கும் தீர்ப்பைச் சீனாவில் நேரடியாக நிறைவேற்றும் ஏற்பாடு நம் இரு நாடுகளுக்கிடையே இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவின்கீழ் அறிவிக்கப்பட்ட நாடுகளில் சீனா சேரவில்லை. நடுவர் தீர்ப்புக்கு வழி உண்டு. நியூயார்க் உடன்படிக்கையின் பொருட்டுச் சீனாவை நமது அரசிதழ் 2012 மார்ச்சில் அறிவித்தது. ஆயினும் ஒப்பந்தத்தில் நடுவர் விதி இருந்தால்தான் அது பயன்படும். இல்லாத நிறுவனத்தின் மீது எந்தத் தீர்ப்பும் செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் இடர்ப்பாடு பெயரிலேயே தொடங்குகிறது. சீன நிறுவனத்தின் சட்டப்படியான பெயர் சீன எழுத்தில் உள்ளது ஒன்றே. விலைப்பட்டியலின் தலைப்பில் காணும் ஆங்கிலப் பெயர் நிறுவனம் தானாகச் சூட்டிக்கொண்டது. வணிகப் பதிவேட்டில் அதற்கு இடமில்லை. பத்து நிறுவனங்கள் ஒரே ஆங்கிலப் பெயரை வைத்துக்கொள்ளலாம். ஒரே நிறுவனம் மூன்று பெயர்களில் கடிதம் எழுதலாம். ஆங்கிலப் பெயரை மட்டும் கொண்டு தேடி, "கிடைக்கவில்லை, ஆகவே போலி" என்பதும், "கிடைத்தது, ஆகவே உண்மை" என்பதும் சம அளவில் தவறு.

பெயரைவிட உறுதியானது எண். நம் நாட்டில் கம்பெனி அடையாள எண் 21 இலக்கங்கள் கொண்டது; அதைப் பார்த்தே மாநிலமும் பதிவான ஆண்டும் தெரிந்துகொள்ளலாம். சீனாவில் 2015 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, முன்பிருந்த பல எண்களுக்குப் பதிலாக, ஒருங்கிணைந்த சமூகக் கடன் குறியீடு எனும் 18 இலக்கக் குறியீடு வழங்கப்படுகிறது. பொதுவாக ஒரு கம்பெனியின் குறியீடு 91 என்று தொடங்கும். 92 எனத் தொடங்கினால் அவர் தனிநபர் வணிகர். தனிநபர் வணிகர் என்பது குற்றமன்று. தம்மைப் பெரிய தொழிற்சாலை என்று அவர் சொல்லிக்கொண்டால்தான் ஐயம் எழவேண்டும். அடுத்த ஆறு இலக்கங்கள் பதிவான இடத்தைக் காட்டுபவை: 440300 என்பது ஷென்சென், 330782 என்பது யீவு. நிறுவனம் பின்னர் இடம் மாறியிருக்கக்கூடும் என்பதால் இதில் காணும் வேறுபாடு கேள்வி கேட்பதற்கு உரியதேயன்றித் தீர்ப்புச் சொல்வதற்கு உரியதன்று. ஒன்பதாம், பத்தாம் இடங்களில் எம், ஏ என்ற எழுத்துகள் இருப்பின் அது 2015 அக்டோபருக்குப் பிந்திய பதிவு. "1998 முதல் தொழில் நடத்துகிறோம்" என்பவரின் குறியீட்டில் அவ்வெழுத்துகள் இருந்தால் விளக்கம் கேட்பது முறை. இறுதி இலக்கம் கணக்கிட்டுச் சரிபார்ப்பதற்கானது. ஐ, ஓ, எஸ், வி, இசட் ஆகிய ஐந்து ஆங்கில எழுத்துகள் இக்குறியீட்டில் வருவதே இல்லை. படத்தைத் திருத்திப் போலி செய்பவர்கள் இந்த விதியை அறிந்திருப்பதில்லை போலும்!

குறியீட்டைக் கொண்டு தேடவேண்டிய இடம் சீன அரசின் தேசிய நிறுவனக் கடன் தகவல் வெளியீட்டுத் தளம். இது 2014 முதல் நடைமுறையில் உள்ளது, கட்டணம் இல்லை. சீன மொழியில் மட்டும் உள்ளது என்பதும், வெளிநாட்டிலிருந்து திறப்பது சில வேளைகளில் கடினம் என்பதும் உண்மையே. அங்கே நிறுவனம் இயங்குகிறதா, பதிவு நீக்கப்பட்டதா, உரிமம் பறிக்கப்பட்டதா என்பது தெரியும். முறைகேடான இயக்கத்துக்காகத் தனிப்பட்டியலில் வைக்கப்பட்டிருந்தால் அதுவும் தெரியும். சட்டப் பிரதிநிதியின் பெயரும், அனுமதிக்கப்பட்ட தொழில்களும் இருக்கும். பதிவு முதல் என்ற தொகையைக் கண்டு மட்டும் மயங்க வேண்டாம். 2014 முதல் அது செலுத்திய பணமாக இராமல் செலுத்துவதாக ஒப்புக்கொண்ட பணமாக இருந்துவந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டமே ஐந்தாண்டுக் கெடு விதித்தது.

பதிவு மெய்யானால் சரக்கும் நல்லது என்று கொள்ளலாமா? 2020 மார்ச்சில் ஸ்பெயின் நாடு வாங்கிய விரைவுப் பரிசோதனைக் கருவிகள் சரியாக வேலை செய்யவில்லை. அவற்றைச் செய்த ஷென்சென் நிறுவனம் இல்லாத நிறுவனம் அன்று. ஆனால் அப்பொருளை விற்க அதற்கு மருத்துவப் பொருள் நிர்வாகத்தின் உரிமம் இல்லையென்று மாட்ரிடிலிருந்த சீனத் தூதரகமே அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தில்லியில் இயங்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், இரு சீன நிறுவனங்களின் கருவிகளைத் திருப்பி அனுப்புமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. அவை இரண்டும் முறையாகப் பதிவான, பெயர் பெற்ற நிறுவனங்கள். குறைபாட்டை அவை ஒப்புக்கொள்ளவும் இல்லை. 245 ரூபாய்க்கு இறக்குமதியான கருவி 600 ரூபாய்க்கு விற்கப்பட்டது தில்லி உயர்நீதிமன்ற வழக்கில்தான் வெளிவந்தது. நீதிமன்றம் விலையை 400 ரூபாய்க்குள் நிறுத்தியது. இடையில் நின்ற விநியோகஸ்தர்களோ நம் நாட்டவர். ஆகவே பதிவுச் சான்று, பொருள் உரிமம், தரச் சோதனை மூன்றும் தனித்தனிக் கேள்விகள். முதற்கேள்விக்கு விடை கிடைத்த பிறகே மற்ற இரண்டையும் கேட்க ஓர் ஆள் கிடைக்கிறார்.

நம் பதிவேட்டையும் நாம் அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. 2017-18இல் கம்பெனி விவகார அமைச்சகம் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியக் கம்பெனிகளைப் பதிவிலிருந்து நீக்கியது. எந்த நாட்டிலும் பதிவு என்பது பிறப்புச் சான்று போன்றது. அதில் நடத்தைச் சான்றைத் தேடக்கூடாது.

தனி வணிகர் ஒவ்வொருவரும் சீன மொழி கற்க இயலாது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் அம்மொழி பயின்ற இளைஞர்கள் இந்நகரிலேயே இருக்கிறார்கள். ஒவ்வொரு கடைவீதியின் வணிகர் சங்கமும் அவர்களில் ஒருவரைப் பகுதிநேரப் பணியில் அமர்த்தி, உறுப்பினர் கொண்டுவரும் குறியீட்டைச் சரிபார்த்துத் தரலாம். ஒரு சரக்குப் பெட்டியில் இழக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் அச்செலவு சிறிது.

வங்கிக் கணக்கு பற்றிச் சொல்லவேண்டியது எஞ்சியிருக்கிறது. ஒப்பந்தத்தில் உள்ள சீனப் பெயரும், முத்திரையில் உள்ள பெயரும், பணம் பெறும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஹாங்காங் கணக்குக்கு அனுப்பச் சொன்னால், அங்குள்ள கம்பெனி வேறொரு சட்டத்தின்கீழ் வேறொரு பதிவேட்டில் உள்ளது என்பதை நினைவிற்கொண்டு அதனையும் தனியே சரிபார்க்க வேண்டும். தனிநபர் கணக்காயின் அனுப்பவே வேண்டாம். கப்பல் புறப்படும் தறுவாயில் "கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வருமாயின், அந்த மின்னஞ்சலுக்கு விடை எழுதாமல், முன்பு நீங்கள் பேசிவந்த தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேளுங்கள்.