அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

டிசம்பர் 3 என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு ஒன்றும் நினைவுக்கு வராது. என் வயதுக்காரர்களுக்கு வரும். 1971, வெள்ளிக்கிழமை. மாலை ஐந்தே முக்கால் மணி சுமாருக்குப் பாகிஸ்தான் விமானங்கள் எல்லை தாண்டி வந்து அமிர்தசரஸ், பதான்கோட், ஸ்ரீநகர் விமானத் தளங்களில் குண்டு போட்டன. இருட்டிய பிறகு அம்பாலா, ஜோத்பூர், ஆக்ரா வரைக்கும் வந்துவிட்டார்கள். பிரதமர் இந்திரா காந்தி அன்று கல்கத்தாவில் இருந்தார். பாதுகாப்பு அமைச்சர் ஜகஜீவன் ராம் பாட்னாவில். பிரதமர் அவசரமாகத் தில்லி திரும்பி, நள்ளிரவு தாண்டியதும் வானொலியில் பேசினார். போர் வந்துவிட்டது என்று நாட்டுக்குத் தெரிந்தது இப்படித்தான்.

எங்கள் ஊரான வ. புதுப்பட்டியில் அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். வீட்டுக்கு வீடு ரேடியோ ஏது? பஞ்சாயத்து ரேடியோதான். மறுநாள் காலைச் செய்திக்கு, வயலுக்குக் கிளம்பியவர்கள் மண்வெட்டியும் தோளுமாக நின்று கேட்டார்கள். "நம்மூர்லயும் வெளக்க அணைக்கணுமாய்யா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ஆக்ராவில் தாஜ்மகாலையே துணியும் தழையும் போட்டு மறைத்தார்கள் என்றால், அவர் கேட்டதில் தப்பென்ன?

திடீர்த் தாக்குதல் என்று சொல்கிறோம். அவ்வளவு திடீர் இல்லை, நேயர்களே. மார்ச் 25 ராத்திரி கிழக்கு பாகிஸ்தானில் ராணுவம் சொந்த மக்களைச் சுடத் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்திருந்தார்கள். அங்கே விடுதலைக்குப் போராடிய முக்தி வாகினிக்கு நாம் உதவிக்கொண்டிருந்தோம். நவம்பரிலேயே கிழக்கு எல்லையில் இரண்டு ராணுவங்களும் மோதிக்கொண்டன. 1965-இல் பதான்கோட்டில் வெட்டவெளியில் நிறுத்தியிருந்த விமானங்கள் எரிந்துபோன அனுபவமும் இருந்தது. அதனால் இந்த முறை விமானங்களைக் கான்கிரீட் கொட்டகைக்குள் வைத்திருந்தார்கள். ஓடுபாதைகளில் பள்ளம் விழுந்தது, அவ்வளவுதான். அடி எந்த நாளில் வரும் என்பது மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

இது புத்தகத்திலேயே இருக்கும். எனக்குச் சொல்ல ஆசையெல்லாம் கடல் பக்கத்துக் கதை. ஏனென்றால் பிற்பாடு நான் கடற்படையில் சேர்ந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மோர்ஸ் கேட்கிற வேலையில் பல வருஷம் இருந்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்த சீனியர்கள் இந்தக் கதையைச் சொல்லாத நாளில்லை.

கதாநாயகர் நம் பக்கத்து ஆள். வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர். 1971-இல் விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைக்குத் தலைமை. அவர் கையில் இருந்தது ஒரே விமானம் தாங்கிக் கப்பல், விக்ராந்த். அதற்கும் பாய்லரில் விரிசல், முழு வேகத்தில் ஓட முடியாது. அதை மூழ்கடிக்கவென்றே காஸி என்ற நீர்மூழ்கி நவம்பர் 14-ஆம் தேதி கராச்சியிலிருந்து கிளம்பியிருந்தது. அமெரிக்காவிடமிருந்து வந்த கப்பல். பாகிஸ்தானிடம் இருந்ததில் வங்காள விரிகுடா வரைக்கும் வந்து போகக்கூடியது அது ஒன்றுதான். நம் சென்னைக் கடலில்கூடத் தேடிப் பார்த்துவிட்டுப் போனது.

கிருஷ்ணன் என்ன செய்தார்? விக்ராந்தைச் சத்தமில்லாமல் அந்தமானுக்கு அனுப்பிவிட்டார். அது விசாகப்பட்டினம் பக்கம்தான் இருக்கிறது என்று எதிரி நம்பும்படி ஒரு நாடகம் போட்டார். ஆயுள் முடியப்போகிற பழைய கப்பல் ராஜ்புத். அதைக் கடலுக்கு அனுப்பி, பெரிய கப்பல் அனுப்புவதுபோல் மளமளவென்று சிக்னல் அனுப்ப வைத்தார். விசாகப்பட்டினத்து ஒப்பந்தக்காரர்களிடம் ஏராளமாக அரிசி, காய்கறி, இறைச்சிக்கு ஆர்டர் போனது. இவ்வளவு சாப்பாடு வாங்கினால் பெரிய கப்பல் வந்திருக்கிறது என்று கடைத்தெருவே பேசும். பேசட்டும் என்றுதானே ஆர்டர் கொடுத்தது!

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த விஷயம். விக்ராந்தில் இருக்கும் மாலுமி ஒருவர், உடம்பு ரொம்ப மோசமாக இருக்கும் தன் அம்மாவைப் பற்றி விசாரிப்பதுபோல ஒரு தனிப்பட்ட தந்தி. சங்கேதம் எதுவும் இல்லாமல், யாரும் கேட்கும்படி அனுப்பினார்கள். அந்தத் தொழிலில் இருந்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். நூறு ரகசியச் சிக்னலைக் கேட்டாலும் எதிரிக்குச் சந்தேகம் இருக்கும். ஒரு பையன் விதியை மீறி அம்மாவைப் பற்றிக் கேட்டால் உடனே நம்புவான். மோர்ஸ் கேட்டுப் பழகிய காதுக்கு, அனுப்புகிறவன் யாரென்றுகூடத் தட்டுகிற தட்டிலேயே தெரியும். ஒருவன் கோட்டை இழுப்பான், ஒருவன் புள்ளியை விழுங்குவான். நாங்கள் பெயர் கேட்காமலே "இன்னைக்கு அவன் டூட்டி" என்போம்.

இருக்கிற இடம் ஒன்று, மற்றவர்கள் நம்புகிற இடம் வேறு. என் வீட்டுக் கதையும் அப்படித்தான். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று கடிதத்தில் எழுதக்கூடாது. முகவரி எப்போதும் பம்பாய் கடற்படைத் தபால் அலுவலகம்தான். எங்கள் தெருவே நான் பம்பாயில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை பார்சல் கட்டி அங்கே அனுப்பினார் அம்மா. அது அந்தமானில் இருந்த என்னிடம் வந்து சேர்ந்தபோது, தாய்மார்களே, அதன் நிறத்தைச் சொல்லமாட்டேன்.

சரி, காஸிக்கு வருகிறேன். டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி ராஜ்புத் விசாகப்பட்டினம் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தது. முன்னால் தண்ணீர் கலங்குவதைப் பார்த்து இரண்டு ஆழ்கடல் குண்டுகளைப் போட்டார்கள். சில நிமிடத்தில் பெரிய வெடிச் சத்தம். கடற்கரையோர வீடுகளின் ஜன்னல்கள் அதிர்ந்தன. காஸி 93 பேரோடு போய்விட்டது. ராஜ்புத் அடித்ததால் என்கிறது நம் கடற்படை. காஸிக்குள்ளேயே நடந்த வெடிவிபத்து என்கிறது பாகிஸ்தான். எப்படியிருந்தாலும் அது தேடி வந்த கப்பல் அங்கே இல்லை என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அந்த 93 பேரின் வீட்டிலும் அம்மாக்கள் இருந்திருப்பார்கள். கதை சொல்லி முடித்த பிறகு சீனியர்கள் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள்.

விக்ராந்தின் விமானங்கள் டிசம்பர் 4-ஆம் தேதியே காக்ஸ் பஜாரைத் தாக்கின. 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாஸி சரணடைந்து கையெழுத்துப் போட்டார். 93,000 பேர் கைதானார்கள், வங்கதேசம் பிறந்தது. அந்தக் கையெழுத்துப் படத்தில் பின்னால் நிற்பவர்களில் ஒருவர் நம் கிருஷ்ணன்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். அதே போரில் குண்டு விழுந்த புஜ் ஓடுபாதையை மாதாபர் கிராமத்துப் பெண்கள் சரிசெய்து கொடுத்த கதையைக் குறித்து வைத்திருந்தேன், இன்னொரு நாள் பார்ப்போம். விசாகப்பட்டினம் போகிறவர்கள் சிம்மாசலம் தரிசனம் முடிந்ததும் கடற்கரைச் சாலையில் குர்சுரா நீர்மூழ்கிக்குள் ஒருதரம் ஏறிப் பாருங்கள். அதுவும் 1971 போரில் இருந்த கப்பல்தான். தலையைக் குனிந்து போக வேண்டும். பிள்ளைகளையும் கூட்டிப் போவீர்கள் என்று நம்புகிறேன்.