பள்ளி வாயிலில் ஒரு வழித்துணை

(விருத்தாசலத்தில் நடைபெற்ற பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் எனக்கு அளித்த பொருள் 'இல்லறத்தார்க்குரிய அகிம்சை' என்பது. புலால் மறுத்தலைப் பற்றியும் இரவுண்ணாமையைப் பற்றியும் என்னினும் நன்கு பேசவல்லோர் இவ்வவையில் உளர். ஆதலின் நான் சாலையைப் பற்றிப் பேச விழைகின்றேன். குறிப்பாகச் சொன்னால், காலையிலும் மாலையிலும் பள்ளி வாயிலின்முன் நின்று, கையில் 'நில்' என்னும் பலகை ஏந்தி, வண்டிகளை நிறுத்திக் குழந்தைகளைச் சாலை கடத்திவிடும் சிறு தொண்டினைப் பற்றி.

இதற்கும் சமணத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் புன்னகைப்பது தெரிகின்றது. நான் தமிழாசிரியன், சிலப்பதிகாரத்தின் வழியாகவே அத்தொடர்பிற்கு வருகிறேன்.

புகாரை நீங்கி மதுரை நோக்கி நடக்கத் துணிந்த கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக வந்தவர் கவுந்தியடிகள் என்னும் நம் சமயத் துறவியார். நாடுகாண் காதையில் அவர் முதலில் உரைப்பது தத்துவம் அன்று, வழியின் இடர். சோலை வழியே சென்றால் கிழங்கு அகழ்ந்த குழியை உதிர்ந்த செண்பகப்பூ மூடியிருக்கும், கால் இடறும் என்கிறார். வயல் வழியே சென்றால் வரப்பில் நண்டும் நத்தையும் நம் அடியின்கீழ் நசுங்கும், அத்துன்பம் பொறுத்தற்கு அரியது என்கிறார். நடப்பவர் விழுந்துவிடக் கூடாது. நடப்பவரால் பிற உயிரும் மாயக் கூடாது. இரண்டு கவலையும் ஒரே மூச்சில் வருகின்றன. மதுரைப் புறஞ்சேரியை அடைந்த பின்னரும், கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்த பின்னரே அவர் கடமை முடிகிறது. பள்ளி வாயிலில் நிற்பவர் செய்வதும் இதுவே, தூரம்தான் குறைவு.

துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. பொன்னூர் மலையோடு நம் மரபு இணைத்துப் போற்றும் குந்தகுந்த ஆசாரியர், நியமசாரத்தில் அதற்கு இலக்கணம் கூறுகிறார்: பகலில், உயிரற்ற தூய வழியில், ஒரு நுகத்தடி அளவு முன்னே பார்த்து நடத்தல். நுகத்தடி அளவு என்பதை நான்கு முழம் எனக் கொள்வர், ஏறத்தாழ ஆறடி. நடந்து செல்பவனுக்கு ஆறடி போதும். அதற்குள் ஓர் எறும்பு தென்பட்டால் தூக்கிய காலை நிறுத்திக்கொள்ளலாம்.

வண்டியில் செல்பவனுக்கு எத்தனை முழம்? மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. குழந்தையைக் கண்டு, கால் பிரேக்கைத் தொடவே ஒரு நொடி ஆகும். பிறகு காய்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 14 மீட்டர் வேண்டும். ஆக 28 மீட்டர். நம் கணக்கில் அறுபது முழத்திற்கு மேல். வேகத்தை 30 கிலோமீட்டராகக் குறைத்தால் முப்பது முழத்திற்குள் நின்றுவிடும். இரண்டு பெட்டி நிறையக் கரும்பு ஏற்றிவரும் டிராக்டருக்கும், மழைநீர் தேங்கிய சாலைக்கும் இந்தக் கணக்குப் போதாது. அறுபது முழம் முன்னே பார்க்க வேண்டியவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு பள்ளி வாயிலைக் கடக்கிறான் என்றால், அவனது நுகத்தடி முறிந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

இங்கே 'பிரமாதம்' என்ற சொல்லை நினைவூட்ட விரும்புகிறேன். இன்று பாட்டு நன்றாக இருந்தாலும் பாயசம் நன்றாக இருந்தாலும் 'பிரமாதம்' என்கிறோம். அச்சொல்லின் மூலப்பொருள் அயர்ச்சி, கவனக்குறைவு. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு வரையறை கூறும்போது, பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிரைப் போக்குதல் என்கிறார். பகைமை வேண்டுவதில்லை, சினம் வேண்டுவதில்லை, அயர்ச்சியே போதும். 'வேண்டுமென்றா மோதினேன்?' என்ற சொல் நீதிமன்றத்தில் தண்டனையைக் குறைக்கலாம். நம் ஆகமத்தின்முன் அது விடையாகாது.

நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் நடந்து சென்றோர் மட்டும் 32,825 பேர். நாளொன்றுக்குச் சராசரி தொண்ணூறு பேர். எறும்பு மிதிபடாமல் நடக்கக் கற்ற சமயத்தார் இவ்வெண்ணைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டலாகாது.

'குழந்தைகளுக்குச் சாலை விதிகளைக் கற்பித்தால் போதாதோ?' என்று கேட்பர். கற்பிக்கத்தான் வேண்டும். ஆயினும் 1960களில் இதனை ஆராய்ந்த சுவீடன் நாட்டு உளவியலாளர் ஸ்டினா சாண்டெல்ஸ், சிறு குழந்தையைப் பயிற்சியால் மட்டும் போக்குவரத்துக்கு ஏற்றவனாக ஆக்கிவிட முடியாது என்ற முடிவுக்கு வந்தார். வரும் வண்டியின் வேகத்தையும் தொலைவையும் சேர்த்து மதிப்பிடும் ஆற்றல் அவ்வயதில் முதிர்வதில்லை. விதியை ஒப்புவிக்கும் அதே குழந்தை, எதிர்ப்புறத்தில் தாயைக் கண்டால் விதியை மறந்து ஓடுகிறது. பெற்றோர் எதிர்ப்புறம் வண்டியை நிறுத்திக்கொண்டு 'வாடா கண்ணு' என்று கையசைத்து அழைப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. தயைகூர்ந்து நீங்கள் சாலையைக் கடந்து சென்று குழந்தையின் கையைப் பற்றுங்கள். நின்றிருக்கும் பேருந்தின் முன்புறமாகக் கடப்பதும் அத்தகையதே. பேருந்தை முந்திவரும் இருசக்கர வண்டிக்காரனுக்குக் குழந்தை தெரியாது, குழந்தைக்கு அவன் தெரியான்.

நம் ஊர் பீங்கான் ஊர். ஒரு பொம்மையை வெளியூர் அனுப்புவதென்றால் வைக்கோலும் தாளும் சுற்றி, பெட்டியில் அசையாதபடி அடுக்கி அனுப்புகிறோம். பொம்மை உடைந்தால் அதே அச்சில் இன்னொன்று வார்த்துக்கொள்ளலாம்.

இத்தொண்டினை உலகம் எவ்வாறு தொடங்கியது என்பது சுவையானது. அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் 1921இல் மாணவர்களையே கொண்டு இப்பணியைத் தொடங்கியவர் கார்மெலா என்னும் கத்தோலிக்கத் துறவியார். ஜப்பானின் டோக்கியோ நகரில் 1959இல், கணவரை இழந்த பெண்களுக்கு வேலை அளிக்கும் நோக்கமும் சேர்ந்து இப்பணி தொடங்கிற்று. அவர்களை மக்கள் 'பச்சை அத்தை' என அழைத்தனர். இங்கிலாந்தில் 1953ஆம் ஆண்டின் சட்டம், பலகை ஏந்தியவர் முன் வண்டிகள் நின்றே தீர வேண்டும் என அவருக்கு உரிமை அளித்தது. நீண்ட கழியில் வட்டப் பலகை இருப்பதால் அவரைக் குச்சிமிட்டாய் அம்மையார் என்னும் பொருளில் அங்கே அழைப்பர்.

நம் நாட்டில் தன்னார்வலர் எவரும் அவ்வுரிமையைத் தாமே எடுத்துக்கொள்ள இயலாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 119ஆம் பிரிவு, போக்குவரத்தை ஒழுங்குசெய்யும் காவலரின் ஆணைக்கே ஓட்டுநர் கட்டுப்பட வேண்டும் என்கிறது. எனவே காவல்துறையின் இசைவோடும் துணையோடும் மட்டுமே நாம் நிற்கலாம். மாணவரைச் சாலை நடுவே நிறுத்தும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. அது ஓய்வுபெற்ற நம்மைப் போன்றோர்க்குரிய வேலை. நமக்கு நேரம் உண்டு, நரைக்குச் சிறிது மதிப்பும் இன்னும் உண்டு.

நம் சமயத்தார்க்கு இது புதிதும் அன்று. வடபுலத்தில் நெடுஞ்சாலையில் விகாரம் செய்யும் முனிவர்களும் சாத்வியரும் வண்டி மோதி உயிர் துறந்த செய்திகளைக் கேட்டு நாம் கலங்கியிருக்கிறோம். அதனால் இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து, ஒளிரும் மேலாடை அணிந்து, அவர்களுக்கு முன்னும் பின்னும் நடந்து விகார சேவை புரிகின்றனர். முனிவர்க்குச் செய்யும் அதே காவலைக் குழந்தைக்கும் செய்வோம் என்பதே என் வேண்டுகோள். சமணத் துறவியர் உறைந்து கல்வி கற்பித்த இடம் பள்ளி. அதனால்தான் கல்விக்கூடத்திற்கு அப்பெயர் வந்தது என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அந்தப் பள்ளியின் வாயிலில் அரைமணி நேரம் நிற்கவும் நம்மால் ஆகும்.

செய்முறை எளிதாகத் தோன்றும். ஆயினும் ஒழுங்கு உண்டு. குழந்தைகளைச் சாலை ஓரத்திலேயே திரட்டி நிறுத்த வேண்டும். இடைவெளி கண்டு நாம் முதலில் இறங்கி, பலகையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். வண்டியின் வேகம் குறைந்தது போதாது. சக்கரம் நின்றதைக் கண்ணால் காண வேண்டும். நின்ற வண்டியின் மறைவில் இன்னொன்று முந்தி வருகிறதா என்றும் பார்த்த பின்னரே குழந்தைகளை அழைக்க வேண்டும். அவர்கள் நடந்து கடக்கட்டும், ஓடலாகாது. சாலையை விட்டுக் கடைசியாக ஏறுபவர் நாமாக இருத்தல் வேண்டும். ஓட்டுநரிடம் சினந்து பேசுவதும் ஆகாது. பாஷா சமிதியும் அங்கே நமக்கு ஒரு பயிற்சியே. முனிவர் கையில் மயிற்பீலி இருப்பதுபோல் நம் கையில் அப்பலகை இருக்கட்டும்.

ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும்முன் காவல்துறையினரையும் தலைமையாசிரியர்களையும் அறக்கட்டளையின் சார்பில் நேரில் கண்டு பேசலாம் என எண்ணுகிறேன். பாலக்கரைச் சந்திப்புப் போன்ற பெரிய இடங்கள் காவலர்க்கே உரியவை. நாம் ஒரே ஒரு பள்ளியின் வாயிலில், ஒரு பருவம் மட்டும் தொடங்குவோம். காலையில் நால்வர், மாலையில் நால்வர், விடுப்பு எடுப்போர்க்கு மாற்றாக இருவர் எனப் பத்துப் பேர் வேண்டும். பார்வையும் செவியும் நன்றாக இருப்போர், நெடுநேரம் நிற்க இயல்வோர், ஆடவர் பெண்டிர் எவராயினும் வரலாம். பந்தலின் வாயிலில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். பெயரை எழுதும்போது, காலைப் பணிக்கு வர இயலுமா மாலைப் பணிக்கா என்பதையும் குறிப்பிடுங்கள்.