கத்தரிப் பூவும் கருவண்டும்

திருகோணமலை ஓர்ஸ் ஹில் பக்கத்தில், வளவுக்குள் நாலு கத்தரிக் கன்று நிற்கும் வீடுகளில் காலை வெயில் ஏறும் நேரத்தில் ஒரு சத்தம் கேட்கலாம். பளபளவென்ற பெரிய கருவண்டு ஒன்று ஊதாப் பூவைக் கட்டிப்பிடித்துத் தலைகீழாகத் தொங்கும். வரும்போது இருந்த இரைச்சல் பூவைப் பிடித்ததும் சட்டென்று சுருதி ஏறி, விட்டுவிட்டுக் கேட்கும்.

அந்தச் சத்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. கத்தரிப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே உண்டு. அதுவும் மஞ்சள் நிறக் குழல்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. நுனியில் உள்ள சின்னத் துவாரங்களே அது வெளியே வரும் வழி. வண்டு குழல்களைக் கவ்விக்கொள்ளும். சிறகு அசையாது. ஆனால் பறப்பதற்கான தசைகள் மட்டும் துடிக்கும். அந்த அதிர்வில், கவிழ்த்து உதறிய உப்புப் போத்தலிலிருந்து உப்பு கொட்டுவதுபோல, மகரந்தம் வண்டின் வயிற்றில் கொட்டும். தக்காளிப் பூவுக்கும் இதே வைத்தியம்தான். காற்றில் ஆடியும் கொஞ்சம் காய்க்கும் என்றாலும், வண்டு வந்த பூவின் காய் பொதுவாகத் திரட்சியாக இருக்கும்.

தேனீக்கு இந்த வித்தை தெரியாது. உழைப்புக்கு உதாரணம் சொல்ல எல்லோரும் அதைத்தான் இழுக்கிறோம். ஆனால் கத்தரிப் பூவை உதறத் தெரியாமல், சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகிற பிராணி அது.

குளிர் நாடுகளில் பூவை உதறும் வேலையைச் செய்வது வேறொரு வகை, பம்பிள் தேனீ. உடம்பெல்லாம் அடர்ந்த உரோமம், குண்டு உருவம். உலகில் ஏறத்தாழ 250 இனங்கள் உண்டு. இமயமலைச் சரிவுகளில் பறக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக இல்லை. அதன் குடும்பம் ஓராண்டுக் குடும்பம். இலையுதிர் காலத்தில் பழைய இராணியும் வேலைக்காரிகளும் ஆண்களும் இறந்துவிட, கருவுற்ற இளம் இராணிகள் மட்டும் மண்ணுக்குள் குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும். வசந்தத்தில் எழுந்த இராணி தனியாளாகக் கூடு கட்டி, தசைகளை நடுக்கி உடம்பைச் சூடாக்கி, கோழி போல் முட்டைகளின்மேல் படுத்து அடைகாக்கும். 1980களின் பிற்பகுதியில் பெல்ஜியத்திலும் ஒல்லாந்திலும் இவற்றைப் பெட்டியில் வளர்த்துத் தக்காளிக் கண்ணாடிக் கூடங்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். அதற்குமுன் பூக்களை ஆட்கள் கையால் அதிரவைத்தார்கள். அப்படி ஐரோப்பிய இனத்தை இறக்குமதி செய்த சிலி நாட்டில், அது காட்டுக்குள் பரவ, அங்கேயே பிறந்த பெரிய செம்மஞ்சள் பம்பிள் தேனீ பல இடங்களில் காணாமல் போய்விட்டது. நமக்கு அந்தச் சோதனை தேவையில்லை. நமது கருவண்டு சம்பளமில்லாமல் அதே வேலையைப் பார்க்கிறது. காய்ந்த மரத்தில் வட்டமாகத் துளை போட்டு, உள்ளே மரத்தூளால் தடுப்பு வைத்து, ஒவ்வோர் அறையிலும் ஒரு மகரந்த உருண்டையும் ஒரு முட்டையும் வைப்பது பெண் வண்டு. முகத்துக்கு நேரே வந்து பயமுறுத்தும் ஆணுக்குக் கொடுக்கே கிடையாது.

வண்டு இருக்கட்டும். தேனீக்களின் கதைக்குத் திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவுக்குப் போகவேண்டும். 1660இல் அங்கே கரையிறங்கிய ஆங்கிலேயக் கப்பலோட்டி றொபேட் நொக்ஸ், கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்து தப்பியவர், 1681இல் வெளியான தம் நூலில் இலங்கைத் தேனீக்களை மூன்று வகையாகப் பிரித்து எழுதினார்: மரப்பொந்தில் வாழ்வது, உயர்ந்த கொப்பில் திறந்த வெளியில் வதை கட்டும் பெரியது, ஈயளவு சிறிய கறுப்பு. பொந்துத் தேனீ, பெருந்தேனீ, கொசுத்தேனீ என்று இன்றும் அடையாளம் காணலாம். பற்றைக் கொப்பில் உள்ளங்கை அளவு வதை கட்டும் கொம்புத் தேனீ மட்டும் அவர் பட்டியலில் இல்லை.

அந்தக் கொம்புத் தேனீ உட்பட இத்தீவின் தேனீக்களை ஆராயத்தான், 1950களின் நடுவில், ஜெர்மானியர் மார்ட்டின் லிண்டவர் இலங்கைக்கு வந்தார். இரை இருக்கும் திசையைத் தேனீ நடனமாடிச் சொல்கிறது என்று கண்டறிந்து, 1973இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வொன் பிரிஷின் மாணவர் அவர். கொம்புத் தேனீ வதையின் தட்டையான உச்சியில் நின்று, பூ இருக்கும் பக்கமே நேராக ஓடிக் காட்டும். பெருந்தேனீ, வானம் தெரியும் இடத்தில், செங்குத்தான வதையில் ஆடும். பொந்துத் தேனீயோ கும்மிருட்டில், சூரியன் இருக்கும் திசையை ‘மேலே’ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். ஒரே மொழியின் படிநிலைகளை ஒரே தீவில் பார்க்கக் கிடைத்தது அவருடைய அதிர்ஷ்டம்.

இவற்றில் மதிப்போடு விலகி நிற்கவேண்டியது பெருந்தேனீ. ஒரே வதை, சில வேளை ஒரு மீற்றர் அகலம், அதைப் போர்த்தி ஆயிரக்கணக்கான ஈக்கள். குளவி கிட்டே வந்தால் அந்த ஈக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னுடலைத் தூக்கும். கூட்டின்மேல் அலை ஓடும். இலங்கையில் இவை பருவத்துக்குப் பருவம் வறண்ட சமவெளிக்கும் மலைநாட்டுக்கும் இடையே இடம்பெயர்வதை கோனிகர் தம்பதியர் 1980இல் எழுதினார்கள். ஆகவே மரத்தில் திடீரென்று ஒரு கூட்டம் வந்து தொங்கினால், அது வழிப்போக்கர் கூட்டமாகவும் இருக்கலாம். பந்தம் கொளுத்தவோ கல்லெறியவோ தேவையில்லை. பெரும்பாலும் தானாகக் கிளம்பிவிடும்.

தப்பித்தவறித் தேனீ கொட்டினால், கொட்டிய இடத்தில் கொடுக்கு நின்றுவிடும். அதிலிருந்து வரும் வாசனை மற்ற ஈக்களையும் அதே இடத்துக்கு அழைக்கும். கையை வீசாமல் ஓடி வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். கொடுக்கைக் கிள்ளுவதா, சுரண்டுவதா என்று யோசித்து நிற்கவேண்டாம். விரைவாக எடுப்பதே முக்கியம், தாமதிக்கும் ஒவ்வொரு விநாடியும் நஞ்சு இறங்கும். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ, பல இடங்களில் கொட்டியிருந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.