கல்லூரி மாணவரும் குடிமைப் பயிற்சியும்

(நமது சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் குடும்பங்களிலிருந்து ஆண்மக்களும் பெண்மக்களும் இன்று கல்லூரிகளிற் பயில்கின்றனர். அது நமக்குப் பெருமையே. ஆயினும் பட்டம் பெற்றோர் யாவரும் நற்குடிமக்களாகிவிட்டனரோ என்று வினவின், விடை கூறத் தயங்கவேண்டியிருக்கிறது.

1935ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தின்கீழ், சொத்து, வரி, கல்வி முதலிய தகுதியுடையார்க்கே வாக்குரிமை இருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்போ 21 வயது நிரம்பிய அனைவர்க்கும் அதனை வழங்கிற்று. 1989 முதல் அவ்வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது. ஆகவே, கல்லூரியிற் புகும் காலமும் வாக்காளராகும் காலமும் ஏறக்குறைய ஒன்றேயாம். உரிமை வந்துவிட்டது, அதற்குரிய பயிற்சி வந்ததா என்பதே என் கேள்வி.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அரசியலமைப்பின் பிரிவுகளைப் பரீக்ஷைக்காக மனனம் செய்தவர், தம் தெருவிற் குடிநீர் வராதபோது யாருக்கு விண்ணப்பிப்பது என்று அறியாது திகைக்கின்றனர்.

1969ஆம் வருஷம் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. அதிற் சேர்ந்த மாணவர் கிராமங்களுக்குச் சென்று தெருவைத் துப்புரவு செய்கின்றனர்; மரம் நடுகின்றனர். நன்று. ஆனால் குப்பையை அகற்றுவது தொண்டு. அக்குப்பை ஏன் சேர்ந்தது, அதனை அகற்றும் பொறுப்பு யாருடையது, அதற்கென ஒதுக்கிய பணம் எவ்வாறு செலவாயிற்று என்று ஆராய்ந்து முறைப்படி கேட்பதே குடிமை. தொண்டோடு இதனையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும்.

அதற்கு வழிகள் உள. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ளோர் யாவரும் கிராம சபையின் அங்கத்தினரே. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி முதலிய நாட்களில் அச்சபை கூடுகிறது. மாணவர் அங்கே சென்று வரவு செலவைக் கேட்கலாம். தம் ஊரின் குறைகளைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். 2005ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பத்து ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்தால், பொதுவாக 30 நாட்களுக்குள் அலுவலகம் பதில் தரவேண்டும். ஒரு மாணவன் இப்படி ஒரே ஒரு விண்ணப்பத்தைத் தானே எழுதி, பதில் வரும்வரை தொடர்ந்து முயல்வானாயின், ஒரு வருஷப் பாடம் தராத தெளிவு அவனுக்கு உண்டாகும்.

இனிப் பெரியோர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். பிள்ளைகள் பொதுக் காரியத்திற் கேள்வி கேட்கப் புறப்படுங்கால், “நமக்கேன் வம்பு?” என்று தடுக்காதீர்கள். வம்பென்று நாம் ஒதுங்கிய இடத்திலேதான் முறைகேடு குடியேறுகிறது.

இரண்டாவது, நம் சங்கமே அவர்களுக்கு முதற் பள்ளியாகுக. மகாசபையில் வருஷக் கணக்கை மாணவர் படித்துப் பார்க்கவும், ஐயம் கேட்கவும் இடங்கொடுப்போம். வீட்டிற் கேட்கப் பழகாதவன் வெளியிற் கேட்கத் துணியான்.

மூன்றாவது, சொல்லச் சிறிது கசப்பானது. நம்மவர் தெருவுக்கு மட்டும் விளக்கும், நம்மவர் பிள்ளைக்கு மட்டும் சலுகையும் கேட்கும்படி நாம் பழக்குவோமாயின், அது குடிமைப் பயிற்சியாகாது. குழாயில் வரும் நீருக்குச் சாதி இல்லை. நம் மாணவர் தம் ஊருக்கு நீர் கேட்கும்போது, கடைசித் தெருவில் வாழும் ஏழைக்கும் சேர்த்தே கேட்கட்டும். வாக்களிக்கும்போதும், இன்னார்க்கே அளி என்று நாம் கட்டளையிடாது, ஆராய்ந்து அளி என்று கூறுவோமாக. ஒற்றுமை என்பது ஒரே பெட்டியில் வாக்கைக் குவிப்பதன்று. தவறு செய்தவன் நம்மவனாயினும் தவறென்று சொல்லும் மனத்திண்மையே.

இச்சங்கம் பிள்ளைகளுக்குப் பட்டம் பெற உதவியது. இனி அப்பட்டம் ஊருக்குப் பயன்பட உதவுமாக.